நோன்போடு தின்ற திராட்சைக் குலை

கற்பிட்டி,
ஷவ்வால் மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். உம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் வாப்பாவும், நீ பெயர் வைத்துவிட்டுப் போன இரண்டு பூனைகளும் அல்லாஹ்வின் கிருபையால் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை பிடித்து, நல்ல சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் காய்ச்சல் தடிமன் ஒன்றும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நான் கேட்கிற துஆ. முந்தாநாள்தானே வீடியோவில் முகம் பார்த்துக் கதைத்தோம், அதற்குள் இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் நான் வாயைத் திறந்தால் உன் வாப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நான் ஒரு வசனம் சொன்னால் அவர் அதில் இரண்டு திருத்தம் சொல்கிறார். இது அவர் திருத்தக்கூடாத விஷயம். அடுத்த வீட்டுக் கமீலா ராத்தாவின் மகன் அன்ஸார் லீவு முடிந்து அடிலெய்டுக்குத் திரும்புகிறான், அவனிடம் பார்சலோடு சேர்த்து இதையும் கொடுத்துவிடுகிறேன். பார்சலில் வறுத்த மிளகாய்த்தூள், தொதல், நீ கேட்ட பருத்திச் சட்டைத் துணி எல்லாம் இருக்கிறது. கருவாடு வைக்கவில்லை. போன தடவை உங்கள் ஊர் எயார்போட்டில் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு அந்த நாட்டின் மீது இருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. துணியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுருக்கம் பார்த்துவிட்டுத் தைக்கக் கொடு, அவசரப்படாதே. கலியாணக் கதையை இந்தக் கடிதத்தில் எடுக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன், ஆகையால் இந்த ஒரு வரியோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

நோன்புக்கு முன்னால் நீ அனுப்பினாயே அந்த சைக்கிள் வீடியோ, அதை இந்த வீட்டில் எத்தனை தரம் பார்த்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, கொடி முடிந்ததும் கோரைப்புல்லும் தண்ணீரும், தண்ணீருக்கு மேல் பலகைப் பாலம், பாலத்துக்குக் கீழே கறுப்பு அன்னம் குஞ்சுகளோடு போகிறது, பிறகு மறுபடியும் கொடி, கடைசியில் நீ புறப்பட்ட அதே சிவப்புக் கூரைக் கடைக்கு முன்னால் வந்து நிற்கிறாய். அந்தச் சதுப்பில்தான் நீ போத்தலில் தண்ணீர் பிடித்துச் சோதிக்கிற வேலை செய்கிறாய் என்பதை நான் கமீலா ராத்தாவுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. வைன் காய்ச்சுற தோட்டத்துக்கால சைக்கிள்ல போறது மார்க்கத்துல கூடுமா புள்ள என்று கேட்டாள். காய்ச்சுகிறவன் செய்கிற வேலைக்குக் கொடி என்ன செய்யும் ராத்தா, அது தன் பாட்டுக்குக் காய்க்கிறது என்று சொன்னேன். உன் வாப்பா முதலில் கேட்டது, சைக்கிள் ஓடுகிற பிள்ளை போனை எந்தக் கையில் பிடித்திருக்கிறாள் என்று. தலைக்கவசத்தில் பூட்டியிருக்கிறாள் என்றேன். அடுத்ததாக, தொடங்கின எடத்துக்கே திரும்பி வாறதுக்கு என்னத்துக்கு இவ்வளவு மெனக்கெடுறது என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். வீடியோவின் கடைசியில் நீ சொன்னாய் அல்லவா, உம்மா வாப்பா ரெண்டு பேரும் செப்டம்பர்ல வாங்க, கொடியெல்லாம் துளிர்க்கிற நேரம், சதுப்புல தண்ணி நிறைஞ்சிருக்கும், மூணு பேருமா இந்தச் சுற்ற ஓடுவோம் என்று. அந்த இடம் வரும்போது மட்டும் அவர் எழுந்து போய்விடுவார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்புறம் நீ டிக்கட் எடுக்கட்டுமா என்று கேட்ட அன்று அவர் உனக்கு என்ன பதில் சொன்னார் என்பது உனக்குத் தெரியும். உம்மாட ஒடம்புக்கு அவ்வளவு தூரம் சரிவராது மகள், இன்னொரு வருஷம் பாப்பம் என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் உடம்பைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு ஒப்பரேஷன் நடந்து ஒரு வருஷமும் தாண்டிவிட்டது, சிலாபம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் மிஸ்ஸி இனி நீங்கள் வரத் தேவையில்லை, ஓடி ஆடி வேலை செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். உன் வாப்பா மட்டும் இன்னும் என்னை வாளி தூக்க விடமாட்டார், மாவிடிக்க விடமாட்டார், நான் தும்மினால் ஓட்டோவுக்குப் போன் போடுவார். ஊரில் எல்லோரும் மர்ளியாவைக் கண்ணாடிக் கோப்பை மாதிரித் தாங்குகிறார் என்று அவரைப் புகழ்கிறார்கள். அலுமாரிக்குள் பூட்டி வைத்த கோப்பைக்குத்தான் தெரியும் அந்தச் சுகம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், மகள். நீ சமைக்கிற அந்தச் சின்ன அடுப்படியில் நின்று உனக்கு ஒரு தடவை ஆட்டிறைச்சி ஆக்கித் தர வேண்டும். போனுக்குள் தெரிகிற முகத்தின் நெற்றியைத் தடவ முடியாது. இதை உன் முன்னால் சொன்னால் நீ அழுவாய் என்பதால் இதுவரை சொல்லவில்லை. இந்தச் சமயத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அலுமாரிக்கு மேலே இருந்த பெரிய சூட்கேஸைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், உன் வாப்பா அதைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய், திருத்த வந்த வள்ள என்ஜின்களில் இருந்து கழற்றிய பழைய சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறார். வீட்டில் எத்தனை வாளி, எத்தனை பெட்டி, சூட்கேஸ்தானா கிடைத்தது என்று கேட்டேன். பூட்டு நல்லமா இரிக்கி என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று உனக்குத் தெரியுமே. நேராகக் கேட்டேன், இதே மாதிரி ஒரு சுற்றை நான் இங்கே சைக்கிளில் ஓடிக் காட்டினால் செப்டம்பருக்கு வருவீர்களா என்று. அவர் சிரித்துக்கொண்டே ஓம் என்றுவிட்டார், நான் ஓடமாட்டேன் என்ற தைரியம். சின்ன வயதில் கனமூலையில் என் வாப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்குள் காலை விட்டு ஓடிப் பழகினவள் நான் என்பதை அவர் மறந்துவிட்டார். கண்டக்குழியில் லொட்ஜ் வைத்திருக்கிற கெவினைத் தெரியும்தானே, உன் வாப்பாதான் அவனுடைய வள்ள என்ஜின்களைத் திருத்துகிறவர். அவனிடம் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிற சைக்கிள்கள் இருக்கின்றன, அவர்களை அனுப்புகிற ஒரு வட்டப் பாதையும் இருக்கிறது. களப்புத் தண்ணீர் ஓரத்தால் போய், கைவிட்ட இறால் குளங்களும் கண்டல் காடும் பார்த்து, தோட்டங்களுக்குள்ளால் குறுக்கே விழுந்து, கடற்கரை வீதியால் திரும்பி வருகிற பாதை. நடுவில் முத்தலிபு நானாவின் திராட்சைப் பந்தலும் வருகிறது. உன்னுடைய பாதைக்கு ஒன்றும் குறைவில்லை, கறுப்பு அன்னம்தான் இல்லை. கெவினே இரண்டு சைக்கிள்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி, என் உயரத்துக்குச் சீட்டைப் பதித்துப் பூட்டி, பயப்பட வாணாம் ஆன்டி, இது தானாப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவையும் பார்த்த பிறகுதான் உன் வாப்பாவின் சிரிப்பு நின்றது.

போன திங்கட்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் ஒன்று. நோன்போடு சைக்கிளா, இன்னொரு நாளைக்குப் பாப்பம் என்று அவர் கேற்றடியில் நின்று இழுத்தார். இன்னொரு நாள் என்றால் இன்னொரு வருஷம் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா, பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்துவிட்டேன். முதல் முப்பதடி கொஞ்சம் ஆட்டம்தான், கமீலா ராத்தா வேலிக்கு அங்காலே நின்று யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று கத்தினது எனக்கு உதவியாக இல்லை. அதற்குப் பிறகு கால் தானாகவே பழைய பாடத்தைப் படித்துக்கொண்டது. மகள், எவ்வளவு காலத்துக்குப் பிறகு என் முகத்தில் நானே உண்டாக்கின காற்று பட்டது தெரியுமா. உன் வாப்பா சாரம் உடுத்திக்கொண்டு பின்னால் வந்தார், வழி முழுக்க ஒரே பல்லவி, அபாயா செயினுக்குள்ள போகும், அபாயாவப் பாத்துக்க. நான் அபாயாவின் கரையை இறப்பர் பட்டியால் கணுக்காலோடு கட்டியிருக்கிறேன் என்று மூன்று தரம் சொன்னேன். நம் ஊரில் ஒரு ஏற்றம் இல்லை, ஒரு இறக்கம் இல்லை, அப்படியிருந்தும் அவர் கியரை டக் டக் என்று மாற்றிக்கொண்டே வந்தார், கையில் ஒரு பொறி இருந்தால் சும்மா வைத்திருக்க அவருக்குத் தெரியாது. இறால் குளங்களில் இப்போது மழைத் தண்ணீர் நின்று புல் முளைத்து, கொக்கும் நீர்க்காகமும் குடியேறிவிட்டன. நாங்கள் போகவும் எல்லாம் ஒன்றாக எழும்பி ஒரு வட்டம் அடித்துத் திரும்பவும் அங்கேயே இறங்கின. நீ இருந்தால் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்திருப்பாய்.

முத்தலிபு நானாவின் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. நீ அந்தப் பந்தலைப் பார்த்ததில்லை, இரண்டு மூன்று வருஷமாகத்தான் போட்டிருக்கிறார். கொங்கிறீட் தூண், குறுக்கே கம்பி, அதற்கு மேல் கொடி படர்ந்து கூரை மாதிரி நிற்கிறது, குருவி கொத்தாமல் இருக்க மேலே பழைய மீன் வலையை விரித்திருக்கிறார். உள்ளே போனால் பச்சை நிழல், தலைக்கு மேலே கறுப்புக் குலைகள் தொங்குகின்றன. நானாவுக்கு வாய் நிறையச் சந்தோஷம், மர்ளியாவா சைக்கிள்ல, மாஷா அல்லாஹ் என்று சொல்லி இரண்டு குலை வெட்டி, பம்ப் தண்ணீரில் கழுவி ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தார். எங்களுக்கு நோன்பு என்பது அவருக்குத் தெரியாது. நான் வேலிப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து அவருக்கு உன் கதையைச் சொல்லத் தொடங்கினேன், உன்னுடைய பாதை, உன்னுடைய சதுப்பு, அங்கே கொடிகளைப் பந்தலில் விடாமல் வேலி மாதிரிக் கட்டுகிறார்கள் என்பது, எல்லாம். சொல்லிக்கொண்டே ஒரு பழம், இன்னொரு பழம், கொட்டையைத் துப்பி இன்னொன்று. நல்ல இனிப்பு, கடைசியில் நாக்கில் லேசாக ஒரு புளிப்பு. குலை முடிந்து காம்பு மட்டும் கையில் நின்றது. உன் வாப்பா தன் குலையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வைன் காய்ச்சுகிற பழமோ என்று இவருக்குச் சந்தேகம் போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் தன்னுடையதை வீட்டுக்கு என்று சொல்லி என் சைக்கிள் கூடையில் வைத்தார்.

கடற்கரை வீதிக்கு வந்து கொஞ்ச தூரம் போன பிறகு பல்லிடுக்கில் ஒரு கொட்டை தட்டுப்பட்டது. நாக்கால் தள்ளினேன், தள்ளும்போதுதான் விளங்கியது. பிரேக்கைப் பிடித்த பிடியில் உன் வாப்பா என் மேல் மோதப் பார்த்தார். நோன்பு, நோன்பு என்று நான் பதற, அவர் ஒன்றும் நடக்காதது போல, மறந்து தின்டா முறியாது, அது அல்லாஹ் ஊட்டினது, வாங்க போவம் என்றார். அது எனக்கும் தெரியும், சின்னப் பிள்ளையில் ஓதினதுதான். ஆனால் அவர் குரலில் ஆச்சரியமே இல்லையே. நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஓம், பாத்தன். முழுக்கவா? ஓம், முதல் பழத்துல இருந்து. பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். மறந்து சாப்புடுற ஆள் பலமான ஆளா இருந்தா ஞாபகப்படுத்தணும், நோயாளி, வயசாளி, பலமில்லாதவங்கண்டா கண்டும் காணாம விட்டுறலாம் எண்டு மவ்லவி பயான்ல சென்னாரு. எவ்வளவு சாந்தமாகச் சொன்னார் தெரியுமா. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நோன்பால் அல்ல, ஒரு குலை திராட்சை வயிற்றில் இருக்கிறது. அப்போ நான் பலமில்லாதவளா? களப்பைச் சுற்றி, மணலில் மிதித்து, உங்களுக்கு முன்னால் வந்து நிற்கிற நான் நோயாளியா? நீங்கள் எனக்குச் செய்த தயவு இதுவா? நடுவீதியில் நின்று இவ்வளவும் கேட்டேன். கரையில் மீன் வாடிக் கொட்டகையில் மீன் பிரித்துக்கொண்டு நின்றவர்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் ஏறி மிதித்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில் நான் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அதற்கு நீ வீடியோ எடுத்திருக்க வேண்டும். எதிர்க்காற்று, வெயில், லொறி, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நம் கேற்றடியில் வந்து இறங்கி, முருங்கை நிழலில் நின்று திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணவில்லை. கமீலா ராத்தா வந்து எட்டிப் பார்த்து, மனிசன எங்க புள்ள விட்டுட்டு வந்த என்று கேட்டுவிட்டாள். பயம் பிடித்துத் திரும்பப் போகலாமா என்று நினைக்கிற நேரத்தில் மூலையால் வருகிறார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நடந்து. சாரத்தின் கரை செயினுக்குள் போய், கிரீஸ் பூசி, ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. வழி முழுக்க அபாயா அபாயா என்று ஓதின மனிதர்! நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன், முடியவில்லை, கமீலா ராத்தா என்னைவிட மோசம். அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல் சொல்கிறார், இந்த ஓட்டம் கணக்கில்ல, அல்லாஹ் ஊட்டின திராட்சதான் ஓடின, நீங்க ஓடல்ல, ஆகையால நம்மட பேச்சு இன்னும் முடியல்ல. இந்த மூளையை என்ஜினில் போட்டால் வள்ளம் மாலைதீவுக்குப் போகும். அன்று நோன்பு திறக்கிற மஃரிப் வரை நான் அவரோடு கதைக்கவில்லை. கமீலா ராத்தாதான் கஞ்சிக் கோப்பையோடு வந்து சமாதானம் பேசினாள். எங்கட மனிசன் நோன்புல மறந்து சோத்துல கை வெச்சா நான் இன்னொரு அகப்ப போட்டுட்டு அங்கால திரும்பிக்குவன், பாசமில்லாட்டி யாரும் சும்மா இருப்பாங்களா புள்ள என்றாள். மனதுக்குள், எனக்கும் ஒரு நாள் வரும், அன்று இந்த மனிதரை ஞாபகப்படுத்துகிற ஞாபகப்படுத்தலில் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாள் நேற்று வந்தது. வியாழக்கிழமை, மறுபடியும் இரண்டு பேருக்கும் நோன்பு. என் கணக்கில் பந்தயத்தில் வென்றவள் என்ற உரிமையோடு கொட்டிலுக்குப் போய் சூட்கேஸில் இருந்த சாமான்களை எல்லாம் வாளியில் கொட்டிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, முற்றத்தில் வெயிலுக்குத் திறந்து வைத்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கெவின் சைக்கிள்களை ஏற்ற இன்னொரு பையனோடு வந்தான். வந்தவர்களுக்கு இஞ்சி போட்டு இரண்டு பிளேன்டீ ஊற்றிக் கொட்டிலில் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். பையன் சைக்கிளோடு வெளியே போய்விட்டான், ஒரு கிளாஸ் அப்படியே நின்றது. கெவின் ஏதோ என்ஜின் கதை சொல்கிறான், உன் வாப்பா ஓம் ஓம் என்கிறார், கண் மட்டும் முற்றத்தில் வாய் பிளந்து கிடந்த சூட்கேஸில் நிற்கிறது. நான் அடுப்படி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை தானாகப் போய் அந்தக் கிளாஸை எடுத்தது. என் நெஞ்சு பெருநாள் வந்த மாதிரித் துள்ளியது. வசனம் கூடத் தயாராக இருந்தது, இஞ்சாருங்க, நீங்க பலமான ஆள், அதனால ஞாபகப்படுத்துறன் என்று. வாயையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன், மகள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறேன். தொண்ணூறில், சண்டைக் காலத்தில், வடக்கே எருக்கலம்பிட்டியில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவருக்கு உன்னைவிடக் குறைந்த வயது. சில நாளில் திரும்பலாம் என்று நினைத்து ஒரு மாற்றுடுப்பை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சாத்திவிட்டு வள்ளத்தில் ஏறினவர். இங்கே கரையில் இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றபோது நம் ஊர் ஆள் ஒருவர் அவர் கையில் ஒரு பிளேன்டீயைக் கொடுத்தாராம். இந்த மண்ணில் நான் முதல்ல குடிச்சது அது என்று கலியாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த மனிதர் தன் வீட்டை விட்டு வெளியே ஓர் இரவு தங்கியதில்லை, என் ஒப்பரேஷனுக்கு சிலாபம் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் கிடந்த அந்த ஒரு கிழமையைத் தவிர. இப்போது ரோட்டெல்லாம் நன்றாகிவிட்டது, வருஷத்துக்கு ஒரு தரம் எருக்கலம்பிட்டிக்குப் போய் உறவுக்காரரைப் பார்க்கிறார், எவ்வளவு மறித்தாலும் இருட்டுவதற்குள் இங்கே வந்துவிடுவார். அவருக்கு ஊர்ப் பாசம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று அந்தத் திறந்த சூட்கேஸைப் பார்த்துக்கொண்டு, பச்சைப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து ஒரே மூச்சில் அவர் குடித்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குப் பயம், மகள். என் உடம்பைப் பற்றின பயம் அதில் கொஞ்சம். மூட்டையைக் கட்டி, வீட்டைச் சாத்திவிட்டு, அவ்வளவு தூரம் போகிற பயம்தான் மிச்சமெல்லாம். இவ்வளவு வருஷம் ஒரே பாயில் படுத்தும் இதை நான் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு அழுகை வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். யன்னலை விட்டு விலகி அங்காலே திரும்பிக்கொண்டேன், இன்னொரு கிளாஸ் ஊற்றி வைக்கலாமா என்று கூட நினைத்தேன்.

மஃரிபுக்கு பாங்கு சொன்னதும், பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிட்டு அவர் சொல்கிறார், அல்ஹம்துலில்லாஹ், இண்டைக்கி தாகமே தெரியல்ல மர்ளியா. எனக்குக் கஞ்சி புரையேறி மூக்கால் வந்துவிட்டது. என்ன என்ன என்று முதுகில் தட்டினார். ஒன்றுமில்லை, இஞ்சி கூடிவிட்டது என்றேன். இதுவரை அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே, போனில் உளறிவிடாதே. தொழுகை முடிந்து வந்து முற்றத்தில் கிடந்த சூட்கேஸை உள்ளே எடுத்து வைத்தார். சும்மா வைக்கவில்லை, சில்லுக்கு எண்ணெய் போட்டார், ஸிப்புக்கு மெழுகு தேய்த்தார், மூடித் திறந்து பார்த்தார். இன்று நான் இந்தக் கடிதத்தை எழுத மேசையில் உட்கார்ந்ததும் கதவடியில் வந்து நின்று, மகளுக்கா என்று கேட்டார். ஓம் என்றேன். கதவு நிலையைத் தடவிக்கொண்டு சொன்னார், அந்தப் பாத தொடங்கின எடத்துக்கே வந்து சேருறது நிச்சயம்தானா எண்டு கேட்டு எழுதுங்க. நிச்சயம், நீங்கள்தானே வீடியோவில் பார்த்தீர்கள் என்றேன். இல்ல, அவ ஓடின ஆள், அவ செல்லட்டும் என்றார்.

ஆகவே, மகள், டிக்கட்டை எடு. செப்டம்பருக்கு, இரண்டு பேருக்கும். எடுத்துவிட்டு அவருக்குப் போன் பண்ணும்போது, எந்தத் திகதியில் வர வேண்டும் என்று ஆரம்பிக்காதே. எந்தத் திகதியில் கற்பிட்டிக்குத் திரும்பி வந்து சேருவீர்கள் என்பதை முதலில் சொல். இரவா பகலா, எத்தனை மணிக்கு நம் கேற்றடியில் இறங்கலாம் என்பதையும் சொல். புறப்படுகிற திகதியை அதற்குப் பிறகு சொன்னால் போதும், அவர் கேட்டுக்கொள்வார். நாங்கள் இல்லாத நாட்களில் ஒவ்வொரு மஃரிபுக்கும் நம் வீட்டில் லைட் போட கமீலா ராத்தா ஒத்துக்கொண்டிருக்கிறாள், வீடு இருட்டில் கிடக்காது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடு. அவருக்குச் சைக்கிள் பார்த்து வைக்கும்போது செயினுக்கு மூடி உள்ளதாகப் பார், சாரத்தை விடமாட்டார். எனக்கு எதுவானாலும் சரி.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, தொழுகையைத் தள்ளிப்போடாதே, சைக்கிளில் போகும்போது காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகாதே. அல்லாஹ் உன்னைக் கண் போலக் காத்து, ஹலாலான சம்பாத்தியத்தையும் ஈமானையும் நீண்ட ஆயுளையும் தந்து, நீ வைக்கிற காலெல்லாம் நல்ல வழியில் வைக்கச் செய்வானாக. வாப்பாவின் ஸலாமும் துஆவும் இதோடு வருகிறது, அவருடைய கேள்விக்குப் பதிலை மறந்துவிடாதே.

உன் வருகைக்காகக் காத்திருந்தது போதும் என்று, தானே புறப்பட்டு வருகிற
உன் உம்மா,
மர்ளியா லத்தீப்